பாசி எங்கே வளர வேண்டும்? வீட்டுப் பவளத் தொட்டியின் உள்கணக்கு

ரீஃப் டேங்க், அதாவது வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்த எவரும் முதல் சில மாதங்களுக்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பாசியை எப்படி ஒழிப்பது? கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்தைக் காட்டுவார். நண்பர் பத்து நத்தை வாங்கிப் போடச் சொல்வார். இன்னொருவர் லைட்டை மூன்று நாள் அணைத்து வைக்கச் சொல்வார். மூன்றிலும் கொஞ்சம் பலன் இருக்கிறது. ஆனாலும் அடுத்த மாதம் பாசி அதே இடத்தில் மறுபடி தழைத்து நிற்கும். கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பாசி வளராத பவளத் தொட்டி கிடையாது. வெளிச்சமும் சத்தும் சேர்கிற இடத்தில் அது வளர்ந்தே தீரும். எங்கே வளர வேண்டும் என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

கடலிலும் இதுதான் நிலைமை. பவளப்பாறை சூழ்ந்த வெப்பமண்டலக் கடல்நீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் மிகக் குறைவு. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதே அதனால்தான். அப்படி வறண்ட நீரில் இவ்வளவு உயிர்கள் எப்படிச் செழிக்கின்றன என்ற புதிரை, 1842-இல் பவளத் திட்டுகளைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வினின் பெயரால் இன்றும் ‘டார்வின் முரண்’ என்கிறார்கள். விடையின் பெரும்பகுதி பாசியில் இருக்கிறது. பவளப் பூச்சியின் சதைக்குள்ளேயே ஸூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. பவளத்தின் கழிவை அது உரமாக எடுத்துக்கொள்கிறது. ஒளிச்சேர்க்கையில் உருவாகும் சர்க்கரையைப் பவளத்துக்குத் தருகிறது. பாறையின் மேலோ, கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத குட்டைப் புல்வெளியாக இழைப்பாசி இடைவிடாமல் முளைத்துக்கொண்டிருக்கிறது. அது நெடிதாக வளராததற்குக் காரணம், கிளிமீன்களும் சர்ஜன் மீன்களும் கடல் முள்ளெலிகளும் நாள் முழுக்க அதைச் சுரண்டித் தின்பதுதான். பார்ப்பவருக்குப் பாசியே இல்லாததுபோல் தோன்றும் பவளப்பாறையில்தான் பாசியின் உற்பத்தி மிக அதிகம்.

தின்பவர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதைக் கரீபியக் கடல் காட்டிவிட்டது. 1983 ஜனவரியில் பனாமா கரையோரம் டயடெமா என்ற நீண்ட கருமுள் கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஏறத்தாழ ஒரே ஆண்டில் கரீபியன் முழுவதும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன. ஜமைக்காவில் அதற்கு முன்பே பாசி தின்னும் மீன்களை மனிதர்கள் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-இல் ஆலன் சூறாவளி பவளங்களை நொறுக்கியிருந்தது. மிச்சமிருந்த ஒரே காவல் அந்த முள்ளெலி. அதுவும் போனபின் பாறைகளைப் பாசி மூடியது. 1970-களின் இறுதியில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த பவளப் பரப்பு, 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டதைப் பவள ஆய்வாளர் டெரன்ஸ் ஹியூஸ் 1994-இல் பதிவு செய்தார். பாசிக்குக் கிடைத்த சத்து மட்டும் அந்த அழிவை விளக்கிவிடாது. மேய ஆள் இல்லாமல் போனதும், காலியான இடத்தை முதலில் பிடித்தது யார் என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானித்தன.

பவளத்தின் பக்கத்தில் வந்துவிட்ட பாசி வெறும் அழகுக் குறைவு அல்ல. 2006-இல் ஜெனிஃபர் ஸ்மித், ஃபாரஸ்ட் ரோவர் முதலான ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பவளத்தையும் பாசியையும் அடுத்தடுத்த அறைகளில் வைத்து, நடுவில் 0.02 மைக்ரான் வடிகட்டியைப் பொருத்தினார்கள். பாக்டீரியாவும் வைரஸும் கடக்க முடியாத அந்தத் துளைகள் வழியே பாசியிலிருந்து கரைந்த பொருள்கள் மட்டுமே மறுபக்கம் போகும். ஆனாலும் பவளம் செத்தது. ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தபோது சாகவில்லை. அதாவது, பாசி கசியவிடும் சர்க்கரை போன்ற கரிமப் பொருள்கள், பவளத்தின் மேலேயே இருக்கும் பாக்டீரியாவை வெறிகொண்டு பெருகச் செய்கின்றன. அவை ஆக்சிஜனை உறிஞ்சிப் பவளத்தை மூச்சடைக்கச் செய்கின்றன. தொட்டியில் இழைப்பாசி உரசுகிற பவளத்தின் ஓரம் வெளுத்துப் பின்வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனையின் அர்த்தம் உடனே விளங்கும்.

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். பாசிக்கான சத்து எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த மீன் தீனியில் ஏறத்தாழ 1 சதவீதம் பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். அதைப் பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் அது முழுக்கக் கரைந்தால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் கூடும். பவளத் தொட்டியில் நாம் விரும்பும் பாஸ்பேட் அளவே 0.03 முதல் 0.1 வரைதான். ஒரே ஒரு கிராம், ஒரே ஒரு நாள், எல்லையைத் தாண்டிவிட்டது. அதே கிராமில் 45 சதவீதம் புரதம் இருந்தால் நைட்ரேட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 மில்லிகிராம் ஏறும்.

வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். தினம் ஒரு கிராம் வீதம் போட்டால் வாரத்தில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் பாஸ்பேட் கூடுகிறது. தண்ணீர் மாற்றம் இருப்பதில் பத்தில் ஒன்றை மட்டுமே வெளியேற்றும். வரவும் செலவும் சமமாக வேண்டுமானால் நீரில் பாஸ்பேட் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் வரை ஏறியிருக்க வேண்டும்! நடைமுறையில் எந்தத் தொட்டியிலும் அவ்வளவு ஏறுவதில்லை. ஏனென்றால் பாறை கொஞ்சம் உறிஞ்சுகிறது, கழிவை நுரையாக நீக்கும் ஸ்கிம்மர் கருவி கொஞ்சம் எடுக்கிறது, மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. நம் வடிகட்டும் அமைப்பு செய்யாமல் விட்ட வேலையைத்தான் கண்ணாடியில் படர்ந்திருக்கும் பச்சை செய்துகொண்டிருக்கிறது. டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பூஜ்ஜியம் என்று காட்டியும் பாசி கொழிப்பதன் மர்மமும் இதுவே. வந்த சத்தை வந்த வேகத்தில் பாசி தன் உடம்புக்குள் பூட்டிவிடுகிறது; கிட் நீரை மட்டும்தானே அளக்கிறது.

இந்த உண்மையை நேராகப் பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி. கரீபியப் பாறைகளில் இழைப்பாசி வளரும் வேகத்தை ஆராய்ந்தவர் அவர். அந்தப் பாசியையே ஒரு தனித் தட்டில், பலத்த வெளிச்சத்திலும் நீரோட்டத்திலும் வளர்த்து, அவ்வப்போது சுரண்டி எடுத்தெறிந்தால் தொட்டி நீர் சுத்தமாகும் என்று காட்டினார். பாசி ஸ்க்ரப்பர் என்ற கருவி அங்கிருந்து வந்தது. அதற்கு முன்பே 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, கடல்நீர், காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்க்கும் தன் முறையை வெளியிட்டிருந்தார். பிறகு ஜெர்மனியில் உருவான பெர்லின் முறை, உயிர்ப்பாறையோடு புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்தது. ஸ்கிம்மர் எளிய கருவி: நுண்குமிழிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் கரிமக் கழிவை நுரையாக மேலே தள்ளிக் கோப்பையில் சேர்க்கும். கழிவு அழுகிச் சத்தாக மாறும் முன்பே அது வெளியேறிவிடுகிறது. ஏற்கெனவே கரைந்துவிட்ட பாஸ்பேட்டை ஸ்கிம்மர் தொடாது என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் அடித்தளமான உயிர்ப்பாறை (லைவ் ராக்) விஷயத்தில்தான் நம் நிலைமை வேறு. இந்தியாவில் பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி முதலியவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. கடல் அட்டையும் கடல் குதிரையும் அதே பாதுகாப்பில் வந்தவைதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டுப் பாறையைக்கூட நம் வரவேற்பறைக்காக எடுக்க எவருக்கும் உரிமை இல்லை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பவளத்துக்கும் இறக்குமதி ஆவணம் கேட்டு வாங்குங்கள். மீன்களில் நமக்கு நல்ல வழி இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்கும் நன்றாகப் பழகும், கடலுக்கும் இழப்பில்லை.

ஆக, நாம் பெரும்பாலும் காய்ந்த பாறையில்தான் தொட்டியைத் தொடங்குகிறோம். சட்டமும் மனசாட்சியும் சொல்லும் சரியான வழி அது. ஆனால் அதற்கொரு விலை உண்டு. உயிர்ப்பாறையில் இளஞ்சிவப்பு கோரலைன் பாசியும் பஞ்சுயிர்களும் நுண்ணுயிர்களும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். காய்ந்த பாறையோ முழுக்கக் காலி. உழுது விதைக்காமல் விட்ட நிலத்தில் களை முளைப்பதுபோல, அங்கே முதலில் வருவது நாம் விரும்பாத பாசிதான். இங்கே பலர் சோர்ந்துபோய்த் தொட்டியைக் கலைத்துவிடுவதற்குக் காரணம் அவர்களின் கவனக்குறைவு அல்ல. காய்ந்த பாறைத் தொட்டி முதிர ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

தொடக்கத்தில் சரியாகச் செய்ய வேண்டியவற்றில் முதலாவது தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. இருக்கிறதே என்று நினைத்துவிடுவோம். குடிநீருக்கான பல ஆர்.ஓ. கருவிகளில், சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரையும் கொஞ்சம் கலக்கும் டி.டி.எஸ். கண்ட்ரோலரோ, தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜோ இருக்கும். உடம்புக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. போர்வெல் நீரிலிருந்து வரும் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அந்த வழியாக நுழைகின்றன. மெம்பிரேனிலிருந்து நேராக வரும் நீரை எடுத்து, மிஞ்சிய அயனிகளையும் பிடித்துவைக்கும் டி.ஐ. ரெசின் வழியாகச் செலுத்தி, நீரில் கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்தபின்தான் உப்பைக் கலக்க வேண்டும். தினமும் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவதும் இதே நீர்தான். ஆவியில் நீர் மட்டும் போகிறது, உப்பும் அழுக்கும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே நாள்தோறும் ஊற்றும் நீரில் உள்ள சிறு அசுத்தம்கூடத் திரண்டுகொண்டே போகும்.

கரையில் வாழ்பவர்கள் கடல்நீரையே கொண்டுவரலாமா? நான் வேண்டாம் என்பேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரின் உப்புத்தன்மை கணிசமாகக் குறைகிறது, முகத்துவாரங்கள் வழியே ஊரின் கழிவும் கலக்கிறது. உப்பு மிக்ஸில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.025–1.026, எல்லா மாதமும் ஒரே மாதிரி கிடைக்கும். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. கரைசலால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வெப்பம். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். சென்னை மே மாதத்தில் மூடிய அறையே 33, 34 டிகிரிக்குப் போகிறது. பம்பும் லைட்டும் தம் பங்குக்குச் சூட்டைக் கூட்டும். மேலே மின்விசிறி வைத்தால் ஆவியாதலில் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் கடலோர ஈரக்காற்றில் அந்தப் பலனும் குறைந்துவிடுகிறது. கல் பவளம் வளர்க்கும் எண்ணம் இருந்தால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் தொடங்காதீர்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. பவளம் தளரும்போது பாசி முந்திக்கொள்ளும். மின்வெட்டு வரும் ஊர்களில் நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் ஒன்றையாவது இன்வெர்ட்டரில் இணைத்துவிட வேண்டும்.

மூன்றாவது பாறை. முன்பு வேறு தொட்டியில் இருந்த பாறை என்றால், அதன் சுண்ணாம்பு தன் மேல் பாஸ்பேட்டை ஒட்டவைத்திருக்கும். நீரில் பாஸ்பேட் குறையக் குறைய அதை மெல்ல விடுவிக்கும். எனவே இருட்டில், உப்பு நீரில், பம்பு ஓடவிட்டுச் சில வாரங்கள் ஊறவைத்து, நீரின் பாஸ்பேட்டை அளந்து மாற்றி மாற்றி, அளவு அடங்கியபின் தொட்டியில் அடுக்குவது நல்லது. அடுக்கும்போது பாறைக்குப் பின்னாலும் அடியிலும் நீரோட்டம் போக வழி விடுங்கள். கசடு தேங்கும் மூலையில்தான் பாசி முதலில் குடியேறும். அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அந்தக் காலத்தில் தொட்டியில் பலத்த வெளிச்சம் தேவையே இல்லை. பயன்படுத்த ஒரு பவளமும் இல்லாத வெளிச்சம் பாசிக்குத்தான் போகும்.

நான் மிக முக்கியமாக நினைப்பது, ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு பிடி மணல், கோரலைன் படர்ந்த ஒரு சிறு கல் கேட்டு வாங்குவது. பாட்டிலில் விற்கும் பாக்டீரியா ஓரிரு வேலைகளுக்கு மட்டுமே. பிடி மணலில் நுண்புழுக்கள், கோபிபாட் என்ற குட்டி ஓட்டுயிர்கள், பலவகை பாக்டீரியா எல்லாம் வரும். காலி இடத்தை நிரப்ப ஆள் அனுப்புவது இப்படித்தான். கூடவே பூச்சியோ தேவையற்ற பாசியோ வரும் அபாயமும் உண்டு. கொடுப்பவரின் தொட்டியை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி வரும் வண்ணங்களை அடையாளம் காண வேண்டும். தவறாக அடையாளம் கண்டால் மருத்துவமும் தலைகீழாகிவிடும். முதலில் வரும் காவித்தூள் டயாட்டம் என்ற நுண்பாசி. சிலிகேட்டைத் தின்று வளரும், தீர்ந்ததும் தானாகப் போகும். ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்து மணல்மேல் செந்நிறத் தோல்போல் படர்வது சயனோபாக்டீரியா. பெயரே சொல்வதுபோல் இது பாக்டீரியா. தோலாக உரித்து எடுக்க வரும். சிலவகை காற்றின் நைட்ரஜனைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் என்பதால், நைட்ரேட் வற்றி பாஸ்பேட் மிஞ்சிய தொட்டிதான் இதற்கு மிகவும் தோது. நீரோட்டத்தைக் கூட்டுவது, கசடை உறிஞ்சுவது, நைட்ரேட்டைக் கொஞ்சம் ஏற விடுவது போதும். எரித்ரோமைசின் போட்டால் இரண்டே நாளில் மறையும் என்பது உண்மைதான். ஆனால் மனிதர்களுக்கு வேண்டிய ஆன்டிபயாடிக்கை ஒரு தொட்டியின் அழகுக்காகச் சாக்கடையில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை; எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் ஏற்கெனவே நம் மருத்துவமனைகளில் நிறைந்திருக்கின்றன.

பழுப்பு நிறத்தில் சளிபோல் இழுபட்டு, நுனியில் காற்றுக் குமிழிகளோடு, பகலில் பெருகி இரவில் குறைந்து காணப்பட்டால் அது டைனோஃபிளாஜெல்லேட். தொட்டி வைப்பவர்கள் சுருக்கமாக டைனோ என்பார்கள். பாசித் தொல்லைகளில் இதுதான் கொடியது. சிலவற்றின் நஞ்சில் நத்தைகள் மடியும். பவளத்துக்குள் வாழும் ஸூசாந்தெல்லேயும் இதே குலம்தான் என்பது நினைவில் இருக்கட்டும். டைனோவைக் கொல்லும் எந்த மருந்தும் பவளத்தின் உயிர்நாடியையும் தொடக்கூடும். ஒரு எளிய சோதனை இருக்கிறது: கொஞ்சம் சளியைத் தொட்டி நீரோடு சேர்த்துக் குப்பியில் போட்டுக் குலுக்கி, டிஷ்யூ தாளில் வடிகட்டி, அந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். கலைந்தவை மறுபடி இழையாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோ. விலை குறைந்த மாணவர் மைக்ராஸ்கோப் இருந்தால் வகையையும் பார்க்கலாம். துளி வடிவில், கட்டிப்போட்டதுபோல் ஒரே புள்ளியைச் சுற்றிச் சுழன்றால் ஆஸ்ட்ரியோப்சிஸ். அது இரவில் நீரில் மிதக்கும் என்பதால், நீரைப் புற ஊதாக் கதிர் வழியே செலுத்தும் யு.வி. ஸ்டெரிலைசர் அதை அடக்கும். மணலை விட்டு நகராத ஆம்ஃபிடினியம் என்றால் யு.வி. பயன்படாது. சிலர் சிலிகேட்டைத் திட்டமிட்டுச் சேர்த்து, டயாட்டத்தை வளர்த்து அதன் இடத்தைப் பிடிக்கவைக்கிறார்கள்.

டைனோ ஏன் வருகிறது என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று அம்பலமாகிறது. நெடுங்காலம் நாம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்ஜியமாக்குவதையே வெற்றி என்று நினைத்தோம். இரும்பு ஆக்சைடு குருணையான ஜி.எஃப்.ஓ.வை அள்ளிப் போட்டோம். பூஜ்ஜியத்தில் பச்சைப் பாசியும் நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். பிற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்றும் பிழைக்கத் தெரிந்த டைனோ அந்த இடத்தில் ஏறி உட்காரும். பவளமும் பட்டினியில் வெளுக்கும். 2013-இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மான் குழுவினர், நைட்ரேட் இருந்து பாஸ்பேட் வற்றிப்போனால் பவளம் வெப்பத்திலும் ஒளியிலும் எளிதில் வெளுக்கிறது என்று காட்டினர். ஆகவே லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் வைத்திருப்பதே நோக்கம். டைனோ வந்த தொட்டியில் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, தீனியைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் முதல் வைத்தியம். கேட்பவருக்கு அது தலைகீழாகப் படும். பலமுறை அதுவே பலித்திருக்கிறது.

பச்சை இழைப்பாசிக்கு வைத்தியம் வேறு. முதலில் கை வேலை. பாறையை வாளியில் எடுத்துவைத்து, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, பிடுங்கியதை நீரோடு வெளியே எடுக்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே பிய்த்தால் துண்டுகள் எங்கும் பரவும். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாமல், வாரம் ஒரு பகுதி என்று போவது நல்லது. அடுத்து மேய்ப்பவர்கள். நீண்ட இழையை நத்தை தின்னாது. குட்டையாக நறுக்கிக் கொடுத்தால்தான் டர்போ நத்தையும் ட்ரோக்கஸ் நத்தையும் அதைக் குட்டையாகவே வைத்திருக்கும். முள்ளெலி ஒன்று இருந்தால் பாறையை மொட்டையடித்துவிடும், கோரலைனையும் சேர்த்துத்தான். பெரிய தொட்டிக்கு மஞ்சள் டாங், கோலே டாங் போன்ற சர்ஜன் மீன்கள் பொருத்தம். நம் கரையில் ஓரா என்று சொல்லும் மீனின் உறவான ஃபாக்ஸ்ஃபேஸும் நல்ல மேய்ச்சல்காரன். முதுகு முள்ளில் விஷம் உண்டு, கையை விடும்போது கவனம். 100 லிட்டர் தொட்டியில் டாங்கைப் போடுவது மட்டும் வேண்டாம். நீந்த இடமில்லாத மீனின் நோய் எல்லா மீனுக்கும் பரவும்.

மூன்றாவதுதான் நிரந்தரத் தீர்வு: பாசிக்கு வேறு வீடு கொடுப்பது. சம்பில், அதாவது மேல்தொட்டியோடு குழாயால் இணைந்த கீழ்த்தொட்டியில், ஒரு அறையை ஒதுக்கி, கீட்டோமார்ஃபா என்ற சுருட்டைப் பாசியை ஓர் உருண்டை போட்டு, மேலே பலத்த லைட் வையுங்கள். மேல்தொட்டி இருளும் இரவில் இந்த லைட் எரிந்தால் பி.ஹெச். இரவில் சரிவதும் குறையும். வளர்ந்ததில் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அள்ளி வெளியே எடுக்கும்போது, தீனி வழியே வந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதனோடு தொட்டியை விட்டுப் போகின்றன. அள்ளாமல் விட்டால் பயனில்லை. அழுகினால் அத்தனையும் திரும்ப நீருக்குத்தான் வரும். இடம் குறைந்தவர்களுக்கு ஏடியின் பாசி ஸ்க்ரப்பர் இன்னும் கச்சிதம். சம்பில் கீட்டோமார்ஃபாவும், மேலே பவளமும் கோரலைனும் பங்கு போட்டுக்கொண்டபின், இழைப்பாசிக்கு மிஞ்சுவது கொஞ்சமே. ஜி.எஃப்.ஓ.வோ, பாக்டீரியாவை வளர்க்க வினிகர் விடுவதோ தவறல்ல. சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, வாரம் இருமுறை அளந்து, மெதுவாகக் கூட்ட வேண்டும். பாஸ்பேட் திடீரென்று சரிந்தால் பவளத்தின் சதை உரிந்துவிடும்.

சில அடம்பிடிக்கும் வகைகள் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. இறகுபோல் கிளைத்த பிரையாப்சிஸைப் பெரும்பாலான மீனும் நத்தையும் தொடுவதில்லை. பூஞ்சை நோய்க்கான ஃப்ளூகோனசோல் அதைக் கொல்கிறது என்பதைத் தொட்டி வைப்பவர்களே கண்டுபிடித்தார்கள். செத்த பாசி ஒரே நேரத்தில் அழுகும் என்பதால், முடிந்தவரை கையால் பிடுங்கியபின் மட்டும் அதை நாட வேண்டும். சம்பில் வளர்க்கும் பாசியையும் அது பாதிக்கலாம். பச்சை முத்துபோல் உருளும் வலோனியா, ஒவ்வொரு முத்தும் ஒரே ஒரு செல். உலகின் மிகப் பெரிய ஒற்றைச்செல் உயிர்களில் ஒன்று அது. பாறையோடு சேர்த்து நெம்பி எடுங்கள். எமரால்டு நண்டு சிலவற்றைத் தின்னும், பசித்தால் வேறு எதையும் தின்னும்.

அள்ளிய பாசியை எங்கே போடுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே மத்தியதரைக் கடலில் காலெர்பா டாக்சிஃபோலியா என்ற அலங்காரப் பாசியின் சிறு திட்டு தெரிந்தது. மீன் தொட்டிகளில் வளர்த்த வகை அது. பிறகு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடலடியில் பரவியது. 2000-இல் அதே பாசி கலிஃபோர்னியாவில் தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்தி, 2006-இல்தான் அழித்து முடித்ததாக அறிவித்தார்கள். நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. உணவைக் கெட்டியாக்கும் கராகீனன் எடுப்பதற்காக மண்டபம் கரையில் வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, தப்பிப் போய்க் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களை மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கையால் அகற்றிய இடத்திலும் மிஞ்சிய துண்டிலிருந்து அது மீண்டும் தழைத்தது. எனவே தொட்டிப் பாசியையும், மாற்றிய பழைய நீரையும், வேண்டாத நத்தையையும் கடலிலோ கழிமுகத்திலோ விடாதீர்கள். பாசியை மொட்டை மாடி வெயிலில் சருகாகும்வரை உலர்த்திக் குப்பையில் சேருங்கள். உப்பு நீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றினால் செடி கருகும்.